இலையில் சொல்லக் கூடாத சொல்

போன வாரம் குருசாமியை அல்லிநகரம் மளிகைக் கடையில் ஒட்டடைக்குச்சியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். மூலைக்கு மூலை நூலாம்படை தொங்குகிறது என்று மனிதர் அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தார். நூலாம்படை சுவரில் இல்லை, அவருடைய கண்ணுக்குள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் குச்சியைக் கீழே போட்டார். வலது கண்ணில் ரத்தம் கசிந்து பார்வை மங்கிவிட்டது. இடது கண்ணிலும் ஆரம்பம். எல்லாம் சர்க்கரை பார்த்த வேலை. திங்கட்கிழமை மதுரையில் கண்ணுக்கு ஊசி. அதற்குள் சர்க்கரை இறங்காவிட்டால் ஊசி போட முடியாது, இருக்கிற ஒரு கண்ணுக்கும் உத்தரவாதம் கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்தா சம்பந்தி வீட்டிலிருந்து விருந்துக்கு அழைப்பு வர வேண்டும்?

அனுமந்தன்பட்டியில் அன்று காலை குருசாமியின் மகள் சுபாஸ்ரீ கண் விழித்தபோது, வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் பேசிக்கொண்டிருந்தது. நேற்றுவரை வெறும் மணலாகக் கிடந்த வாய்க்கால். சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு காலை நனைத்தாள். தண்ணீர் ஜில்லென்று கணுக்காலைச் சுற்றிவிட்டுப் போயிற்று. மேற்கே மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. வெயிலும் அடித்தது, சாரலும் விழுந்தது. மசக்கைக்காரிக்கு எதைப் பார்த்தாலும் தூக்கத்தில் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

போன் வந்தது. புருஷன் சுரேஷ்கண்ணன். லோயர் கேம்ப் மின்நிலையத்தில் அவனுக்கு வேலை. அணைத் தண்ணீர் அங்கே சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் இந்த வாய்க்காலுக்கு இறங்கும்.

"நான் அனுப்புன தண்ணி வந்து சேந்துச்சா?"

"ஆமா, இவுகதான் குடம் குடமா மோந்து ஊத்துனாக! வந்துருச்சு. என் காலைத் தொட்டுட்டுப் போகுது."

"குடுத்து வச்ச தண்ணி" என்றான் அவன். "நேத்து ரத்தம் குடுத்தியே, ரிசல்ட் வந்துச்சா?"

"சாயங்காலம் போன்ல அனுப்புவாகளாம்."

உத்தமபாளையத்தில் நேற்று அவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, உட்கார வைத்து, ரத்தம் எடுத்திருந்தார்கள். மாசமாக இருக்கிற எல்லாருக்கும் எடுப்பதுதான். ஆனால் அந்தத் தண்ணீரின் தித்திப்பு அவள் தொண்டையில் இன்னும் நின்றது. அப்பா கண்ணை நினைக்கிற போதெல்லாம் அது மேலே ஏறி வந்தது.

போனை வைத்த கையோடு அம்மா கிருபாவதி கூப்பிட்டாள்.

"உங்கப்பா வாடகைக் காருல கெளம்பிட்டாக. எனக்கு முழங்கால் நீட்ட முடியல, நான் வரல. நீதான் பாத்துக்கணும்த்தா."

"அத்தைகிட்ட அப்பாவுக்குச் சர்க்கரைன்னு ஒரு வார்த்தை சொல்லிரவாம்மா?"

"சொல்லிக்கில்லி வச்சிராத! மாசமா இருக்க பொண்ணு வீட்டுல போயி அப்பனுக்குச் சீக்குன்னு சொன்னா, நாளைக்கு மகளுக்கும் வரும், பிள்ளைக்கும் வரும்னு பேச்சு வரும்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காக. நீயும் வாயத் தொறக்கக் கூடாதாம்."

"அப்ப எப்படிம்மா? அத்தை இலையில மலை மாதிரில்ல கொட்டுவாக."

"வரட்டும்னு சொல்லிக்கிறேன்னாக." கிருபாவதி பெருமூச்சு விட்டாள். "சொல்லுவாக, சொல்லுவாக."

இந்த 'வரட்டும்' சமாசாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பந்தியில் நடந்த கூத்து உங்களுக்கு விளங்காது.

குருசாமி வீட்டில் பாட்டன் காலத்திலிருந்து வியாபாரம். கடையில் 'இல்லை' என்ற சொல் கிடையாது. உப்புத் தீர்ந்தால் 'உப்பு வந்துக்கிட்டு இருக்கு' என்பார்கள். அதே மாதிரி 'போதும்' என்ற சொல்லும் கிடையாது. போதும் என்று சொன்ன வாசலில் லட்சுமி கால் வைக்க மாட்டாளாம். கடையில் சொல்லக் கூடாதது இலையிலும் கூடாது. வயிறு முட்டிப்போனால் இலைக்குக் குறுக்கே கையை வைத்து 'வரட்டும்' என்பார்கள். 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வாரேன்' என்கிறோமே, அந்த மாதிரி. அந்த வீட்டில் வரட்டும் என்றால் நிறுத்து என்று அர்த்தம்.

அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. முதல் வரட்டும் கூச்சம், இரண்டாவது மரியாதை, மூன்றாவதுதான் நிஜம் என்று அந்த வீட்டுப் பெண்கள் வைத்திருந்தார்கள். ஆகவே யாருக்கும் இரண்டு கரண்டி கூடுதலாகவே விழும். குருசாமி அப்படி வளர்ந்தார். சுபாஸ்ரீயும் அப்படித்தான் வளர்ந்தாள்.

கல்யாணமாகி வந்த முதல் நாள், மாமியார் பஞ்சம்மாள் சோறு போட, சுபாஸ்ரீ "வரட்டும் அத்தை" என்றாள். வந்தது. பயந்துபோய் மறுபடி "வரட்டும்" என்றாள். மறுபடியும் வந்தது. "இந்தக் காலத்துல இப்படிச் சாப்பிடுற பொண்ணு எங்கன கெடைக்கும்!" என்று பஞ்சம்மாளுக்கு வாயெல்லாம் பல். புதுப்பெண் எப்படி விளக்குவாள்? இன்றுவரை விளக்கவில்லை. ரவிக்கைகளைத்தான் பிரித்துத் தைத்தாள்.

கார் வந்து நின்றது. குருசாமி வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக இறங்கினார். வாசல்படி ஒன்று அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. கால் இடறியது. சுபாஸ்ரீ ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லலையே?" என்றார் காதோடு.

"சொல்லலைப்பா. ஆனா..."

"ஆனா ஆவன்னா ஒண்ணும் வேணாம். சிரிச்ச முகமா இரு."

"வாங்க சம்பந்தி!" என்று கர்ணன் வந்தார். எழுபதைத் தாண்டியவர். வயலுக்கு இன்னும் சைக்கிள்தான். மடை திறந்துவிட்டு வந்த சேறு காலில் காயாமல் இருந்தது. புதுத் தண்ணீர் வந்தால் சம்பந்திக்குச் சோறு போட்ட பிறகுதான் நாற்று என்பது அந்த வீட்டு வழக்கம். வர மாட்டேன் என்று குருசாமி எப்படிச் சொல்வார்?

இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை. நாட்டுக்கோழிக் குழம்பு, முட்டை, சோறு, ரசம், தயிர், பாயாசம். குழம்பு வாசம் வாய்க்கால் வரைக்கும் போயிற்று.

பஞ்சம்மாளுக்கு ஒரு கொள்கை. விருந்தாளி வாயால் 'போதும்' என்ற சொல் வருகிற வரைக்கும் கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது. அவளுடைய அம்மா வீட்டுப் பழக்கம் அது. குருசாமிக்கோ அந்த ஒரு சொல் மட்டும் வராது. இதைவிடப் பொருத்தமான ஜோடியை யார் சேர்த்து வைக்க முடியும்?

முதல் சோறு முடிந்தது. பஞ்சம்மாள் அடுத்ததோடு வந்தாள்.

"வரட்டும் தங்கச்சி" என்றார் குருசாமி.

"இந்தா வந்துருச்சுண்ணே!" சோறு விழுந்தது. அதன் தலையில் குழம்பும் விழுந்தது.

அவர் சோற்றைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சாப்பிட்டார். இலையில் விழுந்ததை வீணாக்குவது அவர் வீட்டில் இன்னொரு பாவம்.

"வரட்டும் தங்கச்சி, வரட்டும்" என்று இந்தத் தடவை கையையும் குறுக்கே வைத்தார்.

"கூச்சப்படாதீக! கையை எடுங்க, சுட்டுரப் போகுது."

சுபாஸ்ரீ கதவோரம் நின்று மாமியாருக்குக் கண்ணைக் காட்டினாள். பஞ்சம்மாள் புரிந்துகொண்டதாகத் தலையாட்டிவிட்டு, ஓடிப்போய் இன்னொரு முட்டையும் கொண்டுவந்து வைத்தாள்.

கர்ணன் பாட்டுக்குச் சாப்பிட்டு முடித்து, இலை ஓரத்தில் கடைசியாக ஒரு கைச் சோற்றைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். கடைசிக் கை வாசலுக்கு. காக்கை தின்னும், கோழி தின்னும். இன்னும் ஒரு கை சாப்பிடலாம் போலிருக்கும்போது எழுந்துவிடுவார்கள். வந்த புதிதில் சுபாஸ்ரீக்கு அது அநியாயமாகப் பட்டது. சோற்றை மிச்சம் வைப்பார்களா?

இப்போது பாயாசம் வந்தது. வெல்லப் பாயாசம். கெட்டியாக, பொன் நிறமாக, முந்திரி மிதக்க. குருசாமியின் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. இலையைச் சரியாகப் பார்ப்பதற்காகத் தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாய்ந்த தலையையே சுபாஸ்ரீ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு எவ்வளவு சமத்தாகச் சமாளிக்கிறார்! அந்த ஒரு கண்ணுக்கும் இப்போது கரண்டியில் வெல்லம் வருகிறது.

"வர..." என்று குருசாமி வாயெடுத்தார்.

"வருது, வருது!" என்றாள் பஞ்சம்மாள்.

"போதும்!"

சத்தம் போட்டது தான்தான் என்று சுபாஸ்ரீக்கே ஒரு கணம் தெரியவில்லை.

"போதும் அத்தை. எங்கப்பாவுக்குப் போதும்."

கரண்டி நின்றது. குருசாமியின் கையும் நின்றது. முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. பெற்ற மகள், அப்பன் சாப்பிடுகிற இலைக்கு நேரே, சம்பந்தி வீட்டில் வைத்துச் சொல்லிவிட்டாள். அவர் மகளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இலையில் சோறு அப்படியே கிடந்தது. சாப்பிடவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

கர்ணன்தான் முதலில் எழுந்தார்.

"சம்பந்தி, இந்த வீட்டுல கடைசிக் கை வாசலுக்குத்தான். உங்களுது கொஞ்சம் பெரிய கையா இருக்கு. அவ்வளவுதான? எடுத்துக்கிட்டு வாங்க."

இரண்டு பெரியவர்களும் இலையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்கள். கோழிகள் ஓடிவந்தன. கோழிக் குழம்புச் சோற்றைக் கோழியே கொத்துவதைப் பார்த்துக் கர்ணன் என்னவோ சொன்னார். குருசாமி சிரிக்கவில்லை.

உள்ளே பஞ்சம்மாள் பாயாசச் சட்டியோடு நின்றபடியே நின்றாள். "ஏத்தா, நான் என்ன தப்பு செஞ்சேன்? அண்ணன் வரட்டும் வரட்டும்னு கேட்டாகளே!"

சத்தியமாவது ஒன்றாவது என்று சுபாஸ்ரீ எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கண், சர்க்கரை, மதுரை, திங்கட்கிழமை, கடைசியாக அந்த 'வரட்டும்'.

"வரட்டும்னா போதும்னா அர்த்தம்?" பஞ்சம்மாள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அடி ஆத்தி! கண்ணு தெரியாத மனுசன் வேணாம் வேணாம்னு கெஞ்சக் கெஞ்சவா ஊத்துனேன்? அப்ப நீ? வந்த நாளையில இருந்து நீயும் வரட்டும் வரட்டும்னுதானடி சொன்ன?"

"ஆமா அத்தை."

"பிள்ளைக்கு என்ன பசியோன்னு அம்புட்டையும் உன் இலையிலதான கொட்டுனேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சுபாஸ்ரீக்கும் அப்படித்தான் வந்தது.

"சீக்குன்னா மகளுக்கும் வரும்னு பேசுவீகன்னு அப்பாவுக்குப் பயம்" என்றாள் மெதுவாக.

"யாரு பேசுவா? எந்த நாக்கு பேசும்னு நானும் பாக்கிறேன்" என்றாள் பஞ்சம்மாள்.

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். குருசாமி வாய்க்காலோரத் தென்னைகளுக்குக் கீழே கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். இது வெறும் மயக்கமா, சர்க்கரை ஏறிய மயக்கமா என்று சுபாஸ்ரீக்குத் தெரியவில்லை. கட்டில் காலருகே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து அவர் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று தென்னை ஓலைகளை ஒரு பக்கமாகச் சீவிவிட்டது. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் பகல் மெல்ல மெல்லத் தளர்ந்து போயிற்று.

"சுபா." கண்ணை மூடியபடியே கூப்பிட்டார்.

"இங்கனதான்ப்பா இருக்கேன்."

"சின்னப் பயலா இருக்கயில நானும் ஒரு தடவை அந்தச் சொல்லச் சொல்லியிருக்கேன். பணியாரம். வயிறு வலிச்சுச்சு. போதும்னுட்டேன். எங்கப்பா ஒண்ணும் சொல்லல, சாமி படத்தத்தான் பாத்தாக. அந்த வாரமே மழைத் தண்ணி கடைக்குள்ள வந்துருச்சு. சீனி மூடையெல்லாம் கரைஞ்சு போச்சு."

"மழை வந்தா கரையத்தானப்பா செய்யும்?"

"தெருவெல்லாம் ஓடுச்சுத்தா. அல்லிநகரமே இனிச்சுச்சு. பயலுக தெருவோர வாறுகால் தண்ணியில விரலை விட்டு நக்குறாங்ய. எறும்பு சாரை சாரையா வருது. எங்கப்பா நடுக்கடையில நிக்கிறாக, முழங்கால் வரைக்கும் சீனித் தண்ணி." அவர் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "என்னாலதான்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் அந்தச் சொல்லே வாயில வரல. யாரு எதை வச்சாலும் சாப்பிட்டேன். அன்னைக்குக் கரைஞ்ச சீனி பூராம் என் உடம்புலதான் வந்து சேந்துருச்சோ என்னமோ."

சுபாஸ்ரீ பலகையை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டாள். அப்பாவின் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு பணியாரத்துக்குப் பயந்துபோன பிள்ளை இத்தனை வருஷமாக இந்தப் பெரிய உடம்புக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதே என்று அழுகையாக வந்தது.

சாரல் விட்டதும் பஞ்சம்மாள் சுக்குக் காப்பியோடு வந்தாள். பின்னாலேயே கர்ணன்.

"அண்ணே, சீனி போடல. தெரியாம செஞ்சுட்டேன், மனசுல வச்சுக்கிறாதீக."

குருசாமி எழுந்து உட்கார்ந்தார். "சொல்லிட்டியா?" என்றார் மகளிடம்.

"சொல்லிட்டேன்ப்பா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஞ்சம்மாள் டம்ளரில் காப்பியை ஊற்றத் தொடங்கினாள். பாதிக்கு மேல் ஏறியது. குருசாமி கையைக் குறுக்கே நீட்டினார்.

"வர..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். உதடு எதையோ தேடியது. எல்லாரும் அந்த உதட்டையே பார்த்தார்கள்.

"மதி" என்றார்.

"என்னண்ணே?"

"மதி தங்கச்சி. மதி."

கர்ணன் கையைத் தட்டிச் சிரித்தார். "மலையாளத்துல போதும்ங்கிறாரு புள்ள! ஏலத்தோட்டத்துல நீ கேட்டதில்லையா?"

"ஏலக்காய் வாங்க வண்டன்மேட்டுக்கு எத்தன தடவ போயிருக்கேன்!" குருசாமிக்கு வெட்கச் சிரிப்பு. "அங்கன சோறு போடுறவக மதியோ, மதியோன்னு கேப்பாக. நானும் மதின்னுருவேன். எங்கப்பா சொல்லக் கூடாதுன்னது போதும்ங்கிறதத்தான. இதை மலையாளத்துல சொன்னா லட்சுமிக்கு எங்கன புரியப்போகுது?"

"அவளுக்கென்ன, எல்லா பாஷையும் தெரியும்" என்றாள் பஞ்சம்மாள். "கண்ணு நல்லாயிருக்கட்டும்னு தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துக்கிருவா."

பொழுது சாயும் முன்னே குருசாமி கிளம்பினார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்கம்மாகிட்டச் சொல்லிரு. திங்கக்கிழமை வரைக்கும் நம்ம வீட்டுல மலையாளந்தான்."

"சரிப்பா."

"இலையில நீ சொன்னியே, எனக்குக் கோவந்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்." நல்ல கண்ணால் அவளைத் தேடிப் பார்த்தார். "ஆனா எனக்காக அதைச் சொல்ல இந்த உலகத்துல ஒரு ஆளாவது இருக்கே." மேலே பேச முடியாமல் காரில் ஏறிக்கொண்டார்.

கர்ணன் வீட்டில் இருட்டுவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். சுபாஸ்ரீ தட்டின் முன் உட்கார்ந்தபோது ஜன்னலோரம் போன் மினுங்கியது. உத்தமபாளையத்திலிருந்துதான். ரிசல்ட். எழுந்து எடுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொண்டையில் மறுபடி அந்தத் தித்திப்பு.

பஞ்சம்மாள் ஒரு கரண்டி சோறு போட்டாள். ரசத்தை ஊற்றினாள். சுபாஸ்ரீ நினைவு எங்கோ இருக்கச் சாப்பிட்டாள். அடுத்த கரண்டி வந்தது.

"வரட்டும் அத்தை" என்றாள், பழக்கத்தில்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எந்த வரட்டும்த்தா?" என்றாள் பஞ்சம்மாள். "உங்க வீட்டு வரட்டுமா, எங்க வீட்டு வரட்டுமா?"

சுபாஸ்ரீ சிரிக்க வாயைத் திறந்தாள். கரண்டியை எண்ணித்தான் இத்தனை நாளும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். பரிமாறுகிறவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். வயிற்றைக் கேட்டுச் சொன்னதே இல்லை. பசி இன்னும் இருக்கிறதா, ஆறிவிட்டதா? அவளுக்கே தெரியவில்லை.

கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். வெளியே வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

"பொறுங்க அத்தை. கேட்டுச் சொல்றேன்."

பஞ்சம்மாள் கரண்டியை இறக்காமல் காத்திருந்தாள். ஜன்னலோரம் போன் இன்னொரு தடவை மினுங்கியது. சுபாஸ்ரீ அந்தப் பக்கம் திரும்பவில்லை.